மூன்று வரியா, ஒரு கேள்விக்குறியா?

நம்ம ப்ரோகிராம் ஒரு ஃபைலைத் திறக்கப் போகுது. அந்த ஃபைலே இல்லைன்னா? அதுதான் எர்ரர்.

2009-இல் கூகுள் வெளியிட்ட 'கோ' மொழியில், எர்ரர் வரக்கூடிய ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் "பிழை உண்டா? இருந்தால் திரும்பிப் போ" என்று மூன்று வரி எழுதுவது வழக்கம். எழுதி எழுதியே கை வலிக்கும்; முக்கியமான வரிகளும் அதற்கிடையில் மறைந்துபோகும். ரஸ்ட் மொழியிலோ 2016 முதல் ஒரு '?' போட்டாலே போதும்.

'கோ'வுக்கும் குறுக்கு வழிகள் யோசித்தார்கள். 2018-இல் 'செக்', 2019-இல் 'ட்ரை', பிறகு ரஸ்ட் போலவே '?'. ஒன்றும் நிலைக்கவில்லை. காரணம்? 'திரும்பிப் போ' என்பது சின்னச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். எந்த ஃபைலில் பிழை என்று விளக்கம் சேர்க்கவும் தோன்றாது. ஒருமித்த கருத்து வராததால், இதற்கான புது இலக்கணம் தேடுவதை நிறுத்துவதாக 2025 ஜூனில் கோ குழு அறிவித்தது.

கணக்குப் பரீட்சையில் ஸ்டெப் போடாம விடை மட்டும் எழுதினா, எங்கே தப்புன்னு டீச்சருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ப்ரோகிராமை எழுதுவது ஒரு முறை. படிப்பது பல முறை. அதனால என் ஓட்டு மூன்று வரிக்கே! உங்க ஓட்டு?