எத்தனை முறை எழுப்ப வேண்டும்? – சின்னக் குழந்தைகளோடு டொராண்டோவுக்குக் குடிபெயர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேர் விமானம் இல்லை. எந்த வழியாகப் போனாலும், இங்கே வீட்டைப் பூட்டியதிலிருந்து அங்கே போய்த் தலைசாய்க்கும்வரை ஒரு முழு நாள் ஓடிவிடும். தனியாகப் போகிறவர் டிக்கெட் விலையையும் மொத்த மணி நேரத்தையும் ஒப்பிட்டு முடிவெடுத்துவிடலாம். ஒன்றரை வயதில் ஒன்றும் நாலு வயதில் ஒன்றுமாகப் பிள்ளைகளையும் ஏழெட்டுப் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு கிளம்பும் குடும்பத்துக்கு அந்த இரண்டு கணக்கும் போதாது. மூன்றாவதாக ஒன்று வேண்டும்: இந்த வழியில் போனால், அசந்து தூங்கும் குழந்தையை எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கும்?

பிள்ளைகள் பயணத்தில் அழுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பதினான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். தூங்கிய இருபதாவது நிமிடத்தில் எழுப்பி, செருப்பு மாட்டி, வரிசையில் நிறுத்தினால் தாங்க மாட்டார்கள். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு தேர்வையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

எந்த வழி: வளைகுடா, ஐரோப்பா, டெல்லி

துபாய், தோஹா வழியாகப் போனால் முதல் விமானம் நாலைந்து மணி நேரம், இரண்டாவது பதினான்கு மணி நேரம் அளவில். சென்னையிலிருந்து கிளம்பும் வளைகுடா விமானங்களில் பல விடிவதற்கு முன்னால் புறப்படுகின்றன. இரவு பதினொரு மணிக்கு வீட்டில் ஒருமுறை, விமான நிலையத்தில் காரிலிருந்து இறக்கும்போது ஒருமுறை, ஏறியதும் தூங்கி நாலு மணி நேரத்தில் துபாயில் ஒருமுறை என்று மூன்று தடவை எழுப்பியாக வேண்டும். இதன் நல்ல பக்கம், இரண்டாவது விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் டொராண்டோவரை யாரும் உங்களை அசைக்கப் போவதில்லை.

ஃபிராங்க்ஃபர்ட் அல்லது லண்டன் வழியாகப் போனால் முதல் விமானமே பத்து மணி நேரம். நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் விமானமென்றால் குழந்தை தன் வழக்கமான இரவுத் தூக்கத்தைக் கிட்டத்தட்ட முழுதாகத் தூங்கிவிடும். அங்கே விடியும்போது இறங்கி, கை கால் கழுவி, கொஞ்சம் ஓடவிட்டு, அடுத்த எட்டு ஒன்பது மணி நேரத்தைப் பகலில் கடக்கலாம். எழுப்பும் கணக்கில் இதுதான் பெரும்பாலும் முதலிடம். சிக்கல் டிரான்ஸிட் விசாவில் வரும். கனடா விசா கையில் இருந்தால் பல நாடுகள் விலக்குத் தருகின்றன. ஆனால் விதி நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்கிறது. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

டெல்லிக்குப் போய் அங்கிருந்து நேராக டொராண்டோ போவது மூன்றாவது வழி. வெளிநாட்டு விமான நிலையத்தில் திண்டாட வேண்டாம் என்பது இதன் ஈர்ப்பு. தாத்தா பாட்டி டெல்லிவரை கூட வந்து வழியனுப்பவும் முடியும். ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு ஏர் இந்தியாவின் வட அமெரிக்கப் பயணங்கள் நீண்டன. சில, நடுவில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. ‘நான்-ஸ்டாப்’ என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறதா, மொத்த நேரம் இப்போது எவ்வளவு என்று பார்த்தே பதிவு செய்யுங்கள்.

எந்த வழியானாலும் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை; நடுவழியில் பெட்டிகளை எடுத்து மறுபடி போடவும் வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். கனெக்‌ஷன் நேரம் இரண்டரை மணிக்குக் குறையக் கூடாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால், துபாய், தோஹா போன்ற இடங்களில் டிரான்ஸிட் பகுதிக்குள்ளேயே இருக்கும் ஹோட்டலில் அறை எடுங்கள். இமிக்ரேஷனைத் தாண்டாமலே குளித்துப் படுத்து எழலாம்.

மடியா, பாஸினெட்டா, தனி இருக்கையா

இரண்டு வயது நிறையாத குழந்தையைப் பெரியவர் கட்டணத்தில் சுமார் பத்து சதவீதத்துக்கு மடியில் வைத்துக் கொண்டு போகலாம். ஒரு பெரியவருக்கு ஒரு மடிக் குழந்தைதான். இரண்டு வயது முடிந்துவிட்டால் தனி இருக்கை கட்டாயம். பிறந்தநாள் நெருங்குகிறதென்றால் பயணத் தேதியை முன்னால் தள்ளுவது பெரிய மிச்சம்.

மிச்சமா, நிம்மதியா என்பதைக் குழந்தையின் எடை முடிவு செய்யட்டும். பாஸினெட் என்பது முன்சுவரில் மாட்டும் தொட்டில். கம்பெனியைப் பொறுத்து பத்து, பதினொன்று, சிலவற்றில் பதினான்கு கிலோ வரை தாங்கும். ஒரு விமானத்தில் சிலவே இருக்கும். டிக்கெட் எடுத்த அன்றே போன் செய்து கேட்டு, பதிவானதை உறுதி செய்துகொள்ளுங்கள். எட்டு மாதக் குழந்தைக்கு இது வரப்பிரசாதம். ஆனால் சீட்பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் பிள்ளையை எடுத்து மடியில் வைத்துப் பெல்ட் போடச் சொல்வார்கள். வானிலை மோசமான இரவில் தொட்டிலே எழுப்பும் கருவியாகிவிடும். அந்த வரிசையில் கைப்பிடிகளைத் தூக்க முடியாது, காலடியில் பையும் வைக்க முடியாது.

ஒன்றே கால் வயதிலிருந்து இரண்டு வயதுவரை உள்ள பிள்ளைதான் கஷ்டமான கேஸ். தொட்டிலில் கால் இடிக்கும், மடியில் நிற்காது. கையில் காசிருந்தால் இந்த வயதுக்கு இருக்கை வாங்குவதே என் பரிந்துரை. முடியாதென்றால், பதினான்கு மணி நேரம் மடியில் வைத்திருக்கும் வளைகுடா வழியைவிட, இரண்டு நடுத்தர விமானங்களாகப் பிரியும் ஐரோப்பா வழி உங்கள் தோளுக்கு நல்லது.

நாலு பேர் நாலு இருக்கை என்றால் விமானத்தின் வரிசை அமைப்பைப் பாருங்கள். போயிங் 777-இல் பெரும்பாலும் 3-4-3. நடு நான்கையும் காசு கொடுத்துப் பிடித்தால் வெளியாள் யாரும் குறுக்கே வர மாட்டார். கைப்பிடிகளைத் தூக்கிவிட்டுச் சின்னது ஒருவர் மடியில் தலையும் இன்னொருவர் மடியில் காலுமாக நீட்டிப் படுக்கும். 787, ஏ350 இரண்டிலும் வழக்கமாக 3-3-3. அப்போது அம்மாவும் பிள்ளைகளும் ஒரு மூன்றில், நடைவழிக்கு அந்தப் பக்கம் அப்பா.

சேர்ந்து போவதா, அப்பா முதலில் போவதா

நம் வீடுகளில் வழக்கம், அப்பா போய் வேலை, வீடு பார்த்த பிறகு மற்றவர்கள் போவது. இதில் நியாயம் உண்டு. கனடாவில் கிரெடிட் வரலாறு இல்லாத புதியவருக்கு வாடகை வீடு கிடைப்பது லேசல்ல. நாலு வீடு ஏறி இறங்கும் வேலைக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். பிள்ளைகள் போய் இறங்கும்போது கட்டில் இருக்கும், குளிர்சாதனப் பெட்டியில் பால் இருக்கும்.

இதற்கான விலையை அம்மா தருகிறார். நடுவழி விமான நிலையத்தில் தூங்கும் பிள்ளையைத் தோளிலும், எழுந்த பிள்ளையைக் கையிலும் பிடித்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனைக்குப் பையைத் தூக்கி வைக்க மூன்றாவது கை இருக்காது. கழிவறைக்குப் போகக்கூட ஆள் துணை தேவை. பிள்ளைகள் இரண்டும் ஐந்து வயதுக்குள் என்றால், அப்பா ஒரு டிக்கெட் செலவு செய்து திரும்பி வந்து அழைத்துப் போவது வீண் செலவாகாது. விசிட்டர் விசா உள்ள பாட்டியோ சித்தியோ கூட வந்தாலும் சரி. அம்மா மட்டும் போவதென்றால் அப்பா கையெழுத்திட்ட, நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம் கட்டாயம் கையில் இருக்கட்டும், எல்லையில் கேட்கலாம்.

பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. முதல் முறை இறங்கும்போதே, கூடக் கொண்டுவந்த பொருட்களுக்கு ஒரு பட்டியலும் பின்னால் வரப்போகும் பொருட்களுக்கு ஒரு பட்டியலும் சுங்கத்தில் கொடுக்க வேண்டும். அப்பா முதலில் போகிறாரென்றால், அவருடைய பொருட்களில் பின்னால் வரப்போகிறவை எல்லாம் அவர் கொடுக்கும் பட்டியலில் இடம்பெற வேண்டும். வரிவிலக்கு, ஏற்கெனவே உங்களிடம் இருந்து நீங்கள் பயன்படுத்திய பொருட்களுக்குத்தான்.

கையில், பெட்டியில், கப்பலில்

கப்பலில் அனுப்பினால் வந்து சேர இரண்டு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். புத்தகம், பாத்திரம், பட்டுப்புடவை நிறைய இருந்தால் ஒழிய, இளம் குடும்பத்துக்கு அது தேவையில்லை. வட அமெரிக்கப் பயணத்தில் இருக்கை உள்ள ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் 23 கிலோவில் இரண்டு பெட்டி கிடைக்கும், அது போதும்.

விட்டுவிட வேண்டியவை: இங்கே வாங்கிய கார் சீட் (கனடாவின் பாதுகாப்பு முத்திரை இல்லாததை அங்கே பயன்படுத்தக் கூடாது), 230 வோல்ட் மிக்ஸி (அங்கே 120 வோல்ட்), பத்து கிலோ மளிகை. ஸ்கார்பரோவில் இலங்கைத் தமிழர் கடைகளில் சாம்பார் பொடி முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். எடுத்துப் போகும் உணவு எதுவானாலும் சுங்க அறிவிப்பில் சொல்லிவிடுங்கள். இறைச்சிக்கும் பால் பொருட்களுக்கும் கட்டுப்பாடு உண்டு.

மறக்கக் கூடாதது தடுப்பூசி அட்டை. இந்திய அரசு அட்டவணையில் தட்டம்மை, ருபெல்லா ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் இல்லை. ஒன்டாரியோ பள்ளிகள் இரண்டையும் கேட்கும். கிளம்புமுன் தனியார் மருத்துவரிடம் போட்டுவிடலாம்.

கைப்பையில் ஒரு வேளைக்கு ஒன்றாக அளந்து கட்டிய பால்பொடி, கணக்குக்கு மேல் டயப்பர், பெரியவர்களுக்கும் ஒரு மாற்றுடை. குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் 100 மில்லி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு. சாப்பாட்டுக்கு நல்லெண்ணெயில் பொடி தோய்த்த குட்டி இட்லியை மிஞ்ச ஒன்றுமில்லை: ஒழுகாது, நாறாது, இருட்டில் ஒவ்வொன்றாக வாயில் போடலாம். விமானத்தில் ‘ஹிந்து மீல்’ என்று பதிவு செய்தால் கோழியோ ஆட்டிறைச்சியோ வரக்கூடும். சைவம் வேண்டுமென்றால் ‘ஏஷியன் வெஜிடேரியன்’ என்று கேளுங்கள். தூங்கட்டுமென்று சளி மருந்து கொடுக்கும் பழக்கம் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது எதிராக வேலை செய்து துள்ள வைத்துவிடும். இறங்குவதற்கு அரை மணி முன்பு பாலோ தண்ணீரோ உறிஞ்சக் கொடுத்தால் காதடைப்பு குறையும்.

இறங்கியதும் எங்கே தங்குவது

டொராண்டோ நேரம் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி பின்னால். பிள்ளைகளுக்குப் பகல் இரவாகிவிடும். முதல் வாரம் அதிகாலை இரண்டு மணிக்கு முழு உற்சாகத்தோடு எழுந்து பசிக்கிறது என்பார்கள். சொந்தக்காரர் வீட்டு பேஸ்மென்டில் இருந்தால், மேலே காலையில் வேலைக்குப் போகிறவர் தூங்க வேண்டுமே என்று குக்கர் வைக்கப் பயப்படுவீர்கள், பிள்ளையை அதட்டுவீர்கள். முதல் பத்து நாளுக்குச் சமையலறையுள்ள வாடகை அறை எடுப்பது காசுக்கு நட்டம், உறவுக்கு லாபம். மாமா கோபிப்பாரே என்றால், அவரிடம் வேறு உதவி கேளுங்கள்: பெட்டிகளுக்கு வேன், அறையில் முன்கூட்டியே அரிசி, பால், தயிர். தனியறை கட்டுப்படியாகாதென்றால், வீட்டிலும் சின்னக் குழந்தை உள்ள உறவினரைத் தேர்ந்தெடுங்கள்.

மாதத்தைத் தேர்வு செய்ய முடிந்தால் மே, ஜூன். பூங்காவில் ஓடவிட்டால் உடல் கடிகாரம் வேகமாகத் திருந்தும். செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் ஊர் பழகிவிடும். ஒன்டாரியோவில் நாலு வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரிலேயே ஜூனியர் கிண்டர்கார்டன் சேர்க்கலாம். ஜனவரியில் இறங்கினால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க நேரும்.

சுருக்கமாக

- ஒரு வயதுக்குள் ஒரே குழந்தை: பாஸினெட் உறுதியானால் எந்த வழியும் சரி, விலை குறைந்ததை எடுங்கள்.
- ஒன்றே கால் முதல் இரண்டு வயது: தனி இருக்கை, அல்லது இரவில் கிளம்பும் ஐரோப்பா வழி.
- ஐந்து வயதுக்குள் இரண்டு பேர்: இரண்டு பெரியவர்கள் கட்டாயம், நடு நான்கு இருக்கைகள்.
- அம்மா மட்டும் அழைத்துப் போக வேண்டிய நிலை: மாறும் இடம் ஒன்றுக்கு மேல் வேண்டாம், கனெக்‌ஷன் மூன்று மணி நேரம், விமான நிலைய உதவியாளரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பணம் ஒரு இடத்தில்தான் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால், கிளம்பும் நேரம் நல்லதாக இருக்கும் டிக்கெட்டுக்குச் செலவழியுங்கள். இருக்கையும் அறையும் அதற்குப் பிறகுதான்.