நம்ம கதையை நாமே எழுதுவோம்: செலவில்லாமல் ஒரு வலைப்பூ



1867 இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா அங்கே குழி வெட்டினவங்க பேர் என்ன? கேட்டா சொல்ல ஆளில்லை. எழுதி வைக்காததால் வந்த நட்டம் இது.

எழுதி வைத்தவர்களும் நம்மிடையே உண்டு. 1882 இல் சித்திலெப்பை கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1914 இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்கள் வாயில் இருந்த பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். அன்று ஊருக்குத் தெரிய எழுதணும்னா அச்சுக்கூடம், காகிதம், பணம் எல்லாம் வேண்டும். இன்று கையில் இருக்கும் போன் போதும்.

வலைப்பூ என்றால் என்ன?

இணையத்தில் நமக்கென்று உள்ள குறிப்புப் புத்தகம். நாம் எழுதி வெளியிட்டால் உலகத்தில் எங்கிருந்தும் படிக்கலாம். இதற்கு இலவசமாக இடம் தரும் சேவைகள் உண்டு. ஒன்று ‘பிளாக்கர்’. 1999 இல் தொடங்கிய இதை 2003 இல் கூகுள் வாங்கியது. இடத்துக்குக் காசில்லை, போன் டேட்டாவுக்கு மட்டும் செலவாகும். எழுத்துக்கு டேட்டா கொஞ்சம்தான் போகும், படத்துக்குக் கூடுதல்.

தொடங்கும் முறை

1. கூகுள் மின்னஞ்சல் கணக்கு வேண்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தாங்களே திறக்க முடியாது. போன் கடைக்காரர் திறந்து தந்த கணக்கென்றால், கடவுச்சொல்லை உடனே நீங்களே மாத்துங்க.

2. அந்தக் கணக்கோடு பிளாக்கர் தளத்துக்குள் போங்க. வலைப்பூவுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

3. முகவரியை ஆங்கில எழுத்தில் கொடுக்கணும். சின்னதா, ஞாபகம் நிற்கிற மாதிரி வைங்க. போன் நம்பரையோ பிறந்த திகதியையோ அதில் சேர்க்க வேண்டாம்.

4. முதலில் கொப்பியில் எழுதிப் பாருங்க. பிறகு போனில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுத் தட்டுங்க. தலைப்புக் கொடுத்து, ஒருமுறை வாசித்துத் திருத்திய பின் வெளியிடுங்க.

“நமக்கு எழுத என்னங்க இருக்கு?” என்று சிலர் கேட்பீங்க. பாட்டி பாடும் தாலாட்டு, காமன் கூத்து நடக்கும் விதம், பெரட்டுக்களத்து வழக்கங்கள், உங்க மலைக்கு அந்தப் பேர் வந்த காரணம் – இதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்? வாரம் ஒரு பக்கம் எழுதினாலே போதும்.

கவனிக்க வேண்டியவை

பாட்டோ கதையோ சொன்னவரிடம் சம்மதம் கேட்டு, அவர் விரும்பினால் மட்டும் பேரைப் போடுங்க. அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வங்கி விவரம், பிள்ளைகளின் படம் எதையும் போட வேண்டாம். விசாரிக்காமல் யார் மேலும் பழி எழுதாதீங்க. “உங்க பக்கத்துக்குப் பணம் வரும், போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்க” என்று யாராவது கேட்டா சொல்லவே கூடாது.

முக்கியமான ஒன்று. இலவச இடம் லயத்துக் காம்பரா மாதிரி. குடியிருக்கலாம், உறுதி நம்ம கையில் இல்லை. ‘ஜியோசிட்டீஸ்’ என்ற இலவசச் சேவை 1994 இல் தொடங்கி, லட்சக்கணக்கானோர் அதில் பக்கம் வைத்திருந்தார்கள். 2009 இல் யாஹூ நிறுவனம் அதை மூடியது. பிரதி எடுத்து வைக்காதவர்கள் பலர் எழுதியதை இழந்தார்கள். ஆகவே எழுதிய கொப்பியை எறியாதீங்க. வலைப்பூவின் அமைப்புப் பகுதியில் பிரதி எடுக்கும் வசதி உண்டு. மாதம் ஒருமுறை எடுத்து வைங்க. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் பழைய மலையகச் சஞ்சிகைகளை இன்றும் வாசிக்கலாம். யாரோ ஒருவர் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தியதால்தான் அது முடிந்தது.

இந்த மாதப் பயிற்சி

வீட்டில் வயதில் மூத்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்க: முதன்முதலில் எந்த வயதில் பேர் பதிந்தீங்க? அன்றைய சம்பளம் எவ்வளவு? அப்போ மலையில் என்ன பாட்டுப் பாடினீங்க? பதிலை அவர் சொன்ன பேச்சிலேயே எழுதுங்க. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் சொல்லட்டும், படிக்கிற பிள்ளை தட்டட்டும். அதுவே உங்க வலைப்பூவின் முதல் பக்கம்.