தொப்புள்கொடி ரத்தம்: சேமிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கணவருக்கு விந்தணுக் குறைவு. சில லட்சம் செலவழித்து, இக்ஸி (விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும்) முறையில் இப்போது ஏழு மாதக் கர்ப்பம். தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: இக்ஸியில் உருவான குழந்தை என்பதற்காகத் தனி அவசியம் ஏதுமில்லை.

தொப்புள்கொடி ரத்தத்தில் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம்செல்கள் உண்டு; அதன் பயன் உண்மைதான். 1988-ல் பாரிஸில் எலியான் குளுக்மன் குழுவினர், ஃபான்கோனி ரத்தசோகை வந்த ஒரு சிறுவனுக்கு அதைச் செலுத்திக் குணமாக்கினார்கள். ஆனால், அது அவனுடைய ரத்தமல்ல. அப்போது பிறந்த தங்கையுடையது! தலசீமியா போன்ற மரபணு நோய் வந்தால், குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். சேமித்தும் அது உதவாது.

சொந்தப் பயன்பாட்டுக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. மூத்த குழந்தைக்கோ நெருங்கிய உறவுக்கோ ஸ்டெம்செல் மாற்றால் குணமாகும் நோய் இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது ரத்தநோய் நிபுணரைக் கேட்டு முடிவெடுக்கலாம்.

கட்டணம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். முன்பணம், தவணை வட்டி, ஆண்டுச் சேமிப்புக் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்தால்தான் முழுத் தொகை தெரியும்.

இதே ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேர, பிறந்ததும் குறைந்தது 1 நிமிடம் கழித்துக் கொடியை வெட்டச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. குழந்தைக்கு இரும்புச்சத்து கூடும், செலவே இல்லை. பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.