சிவப்புத் திரையும் அம்மாவின் கம்மலும்



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். நான் இரண்டாம் ஆண்டுக்கு வந்தபோது அம்மா தன் கம்மலை அடகு வைத்து, 14,000 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கித் தந்தார். பழைய மெஷின், விண்டோஸ் போட்டால் திணறும் என்று லேப் சார் அதில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். "லினக்ஸ்ல வைரஸ் பயம் ரொம்பக் கம்மிப்பா" என்றும் சொன்னார்.

ஒரு நாள் ராத்திரி பழைய வினாத்தாள் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் எதையோ கிளிக் செய்ததும் திரை முழுக்கச் சிவப்பு! "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள். அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுத்து. கூடவே சைரன் சத்தம். மூடினாலும் மூடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, "என்னடா கண்ணு, கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பாவின் போனை எடுத்து அந்த எண்ணில் பாதியை அழுத்தியும் விட்டேன்.

அப்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது: "சி டிரைவில் வைரஸ் உள்ளது." லினக்ஸில் ஏது சி டிரைவ்? ரூட் என்ற ஒரே வேரிலிருந்துதான் எல்லா ஃபோல்டரும் கிளைக்கிறது என்று லேபில் முதல் வாரமே படித்தோமே! இல்லாத அறையில் பாம்பு இருக்கு என்று ஒருத்தன் சொன்னால், அவன் நம் வீட்டுக்குள் வரவே இல்லை என்றுதானே அர்த்தம்? போனை வைத்துவிட்டேன்.

உண்மையில் நடப்பது என்ன?

மறுநாள் லேப் சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ப்ரௌசர் ஒவ்வொரு வெப் பக்கத்தையும் ஒரு கூண்டுக்குள் அடைத்துத்தான் ஓட விடுகிறது. இதற்கு சேண்ட்பாக்ஸ் என்று பெயர். நாமாக ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் ஒழிய, நம் டிஸ்கில் இருப்பதை அந்தப் பக்கம் படிக்க முடியாது. படிக்கவே முடியாதது வைரஸை எப்படித் தேடும்? 0 முதல் 100 வரை ஓடும் அந்த "ஸ்கேன்" ஜாவாஸ்கிரிப்டில் வரைந்த வெறும் படம். சைரன் ஒரு ஆடியோ ஃபைல். நம் ஊர்ப் பெயரைக் காட்டினாலும் மிரள வேண்டாம், ஐ.பி. முகவரியை வைத்து உத்தேசமாகச் சொல்வதுதான்.

இது புதிய வித்தையும் இல்லை. வின்ஃபிக்சர் போன்ற போலி மென்பொருள்களை இப்படிப் பயமுறுத்தி விற்ற கூட்டத்தின் மீது, அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்.டி.சி. 2008இல் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 2012இல் நீதிமன்றம் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த அரட்சிதான் இவர்களுடைய முதலீடு.

செய்ய வேண்டியவை:

1. அந்தப் பக்கத்துக்குள் இருக்கும் எந்தப் பட்டனையும் தொடாதீர்கள். "கேன்சல்" என்று எழுதியிருப்பதும் அவன் வரைந்ததே.

2. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். பிறகு கன்ட்ரோல், டபிள்யூ சேர்த்து அழுத்தி அந்த டேபை மூடுங்கள்.

3. அப்படியும் அசையவில்லையா? உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி அழுத்தினால் டெர்மினல் வரும். கில்லால், ஓர் இடைவெளி, ஃபயர்பாக்ஸ் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ப்ரௌசர் அடங்கிவிடும்.

4. மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

5. எனக்கு இரண்டு நாள் கழித்தும் திரை மூலையில் "வைரஸ்" என்று குட்டிப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. காரணம் நானேதான்! "ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்து" என்று ஒரு பக்கம் சொன்னதை நம்பி அழுத்தியிருக்கிறேன். அது நோட்டிஃபிகேஷன் அனுப்ப நான் கொடுத்த அனுமதி. ப்ரௌசர் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், நோட்டிஃபிகேஷன் பட்டியலில் அந்தப் பெயரை நீக்கியதும் நின்றது. தெரியாத எக்ஸ்டென்ஷன் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

லினக்ஸ் என்ற மெத்தனம் வேண்டாம்:

அந்தப் பக்கம் விண்டோஸுக்கான எக்ஸ்இ ஃபைலை இறக்கினாலும், சாதாரணமாக லினக்ஸில் அது ஓடாது. ஆனால் பேச்சு எந்த ஓ.எஸ்.ஸிலும் ஓடும்! போன் போட்டால், "உங்க கம்ப்யூட்டரை நாங்களே சரிபண்றோம்" என்று தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். அப்புறம் கார்டு எண், ஓ.டி.பி. என்று கேட்பார்கள். சில பக்கங்கள் ஒரு வரியைக் காப்பி செய்து டெர்மினலில் ஒட்டச் சொல்லும். புரியாத வரியை ஒட்டி, சூடோ பாஸ்வேர்டையும் கொடுத்தால், நாமே கதவைத் திறந்து சாவியையும் கொடுத்த மாதிரி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும்.

தோழர்களே, என்னைப் போல வீட்டில் கேட்க ஆள் இல்லாதவர்கள் நம்மில் நிறையப் பேர். "படிச்சவன் நீதானே, நீயே சொல்லு" என்று வீடு நம் முகத்தைத்தான் பார்க்கிறது. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டே அன்று நான் அந்த எண்ணை அழுத்தினேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன். சந்தேகம் வந்தால் பக்கத்து பெஞ்சில் கேட்போம், லேபில் கேட்போம். திரை "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தும்போதுதான் நாம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அம்மாவின் கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. வேலைக்குப் போய் மீட்டுக் கொடுப்பேன். அன்று மீதி எண்களையும் அழுத்தியிருந்தால், வட்டி கட்ட வைத்திருந்த பணமும் போயிருக்கும்.

பதறாமல் படிப்போம்! படித்ததை வீட்டுக்கும் சொல்வோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை