அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கடலூரிலிருந்து பெரியப்பா எழுதுவது. 

சிதம்பரம் வீட்டை விற்றுவிட்டு அப்பாவும் அம்மாவும் டொராண்டோவுக்கே வந்துவிட வேண்டும் என்று நீ சொன்னதாக உன் அப்பா சொன்னான். "பிள்ளை கூப்பிடுது, போகாம எப்படிண்ணே" என்கிறான். உன் அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீ கூப்பிடுவது பாசத்தால்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அறுபதைத் தாண்டியவர்களை ஒரு புது நாட்டில் குடிவைப்பது பற்றி நான் பார்த்தது, கேட்டது, யோசித்தது எல்லாவற்றையும் உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

குளிர் தாங்குமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். குளிருக்கு உடை இருக்கிறது. இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் ஸ்கார்பரோவில் எந்தத் தமிழ்க் கடையிலும் கிடைக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வயதானவர்களை உள்ளுக்குள் உடைப்பது வேறொன்று. நாற்பது வருஷமாக நாலு பேர் வந்து கேட்கிற இடத்தில் இருந்தவர்கள், ஒரே விமானப் பயணத்தில், எல்லாவற்றையும் அடுத்தவரிடம் கேட்கிற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

உன் அப்பாவின் காலைப்பொழுதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார். மேல வீதியில் காபி, பேப்பர். வீட்டுக்கு வருவதற்குள் யாராவது ஒருத்தர் பட்டா மாறுதல் மனுவோடோ பென்ஷன் விண்ணப்பத்தோடோ நிறுத்துவார். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்பார். பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்த்தவன் எழுதிக் கொடுத்தால் சரியாக இருக்கும் என்று அந்தத் தெருவுக்கே ஒரு நம்பிக்கை. உன் அம்மாவுக்குக் கீரைக்காரம்மா வாசலில் கூடையை இறக்கினால்தான் பொழுது விடியும். எந்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் வளைகாப்பு என்பதெல்லாம் அந்தக் கூடையோடுதான் வந்து சேரும். இவர்கள் இரண்டு பேரும் உன் வீட்டில் ஹீட்டரை எப்படிக் கூட்டுவது, எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, கதவு தானாகப் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று உன்னையும் மாப்பிள்ளையையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வாரம் வேடிக்கையாக இருக்கும். இரண்டாம் மாதம் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டால், பழகிவிட்டார்கள் என்று நீ நினைத்துவிடாதே.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் ஓர் அம்மாள், மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய்விட்டு வந்தவர். அங்கே போன மறுநாள் வத்தக்குழம்புக்குத் தாளித்திருக்கிறார். கடுகு வெடித்து, மிளகாய் கருகி, கொஞ்சம் புகை எழும்பியிருக்கிறது. உடனே கூரையில் இருந்த புகை அலாரம் வீடே அதிரக் கத்தியது. பேரன் பயந்து அழுதான். மருமகள் ஓடிவந்து ஜன்னலைத் திறந்து, ஸ்டூலில் ஏறி ஒரு துண்டால் அதை விசிறி நிறுத்தினாள். யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பும் வரைக்கும் அவர் அந்த அடுப்பில் தாளிக்கவே இல்லை. நாற்பது பேருக்குத் தனியாளாகச் சமைத்துப் போட்டவர் அவர். என்னிடம் இதைச் சொல்லும்போது, "அந்த அடுப்புல நெருப்பே தெரியாது, எரியுதா இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் அவளைத்தான் கேக்கணும்" என்றார். போன முதல் நாளே யாராவது அவரைக் கூட நிறுத்தி, புகைபோக்கி விசிறி எது, அலாரம் கத்தினால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டி, அவர் கையாலேயே இரண்டு தடவை செய்ய வைத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது பர்மாவிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். 1962இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷம் பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த நம் ஆட்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்றைக்கும் பர்மா காலனி இருப்பது அதனால்தான். அவர்களைத் தாய்நாடு திரும்பியவர்கள் என்று சொன்னோம். ரங்கூனில் பிறந்து ரங்கூனிலேயே நரைத்தவருக்குத் தமிழ்நாடுதான் புது நாடு. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு தம்பதி குடியிருந்தார்கள். அவர் அங்கே துணிக்கடை வைத்திருந்தவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். இங்கே வந்ததும் திண்ணையில் உட்கார்ந்தார், கடைசிவரை உட்கார்ந்தே இருந்தார். அவருடைய மனைவிக்கு உட்கார முடியவில்லை. குடும்பத்துக்குச் சோறு வேண்டும். வந்த பத்தே நாளில் இடியாப்பம் பிழிந்து விற்க ஆரம்பித்தார். ஒரே வருஷத்தில் எந்தக் கடையில் அரிசி மாவு மலிவு, யார் கடன் சொன்னால் திருப்பித் தருவார் என்று எங்களுக்கே சொல்லித்தரும் நிலைக்கு வந்துவிட்டார். ஒரே கப்பல், ஒரே நஷ்டம், ஒரே வயசு. அந்த அம்மாளுக்கு வந்த நாளிலிருந்தே ஒரு வேலை இருந்தது, பெரியவருக்கு இல்லை.

நம் சிதம்பரத்துக்குக் கடல் கடந்து வந்தவர்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் நாற்பதைத் தாண்டிய வயதில் 1864இல் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார். மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலானந்த அடிகள் நாற்பதை நெருங்கும் வயதில் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். இருவருக்கும் வந்து இறங்கிய மறுநாள் எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவர்களை எதிர்பார்த்து இங்கே ஆட்கள் இருந்தார்கள். உன் அப்பா நாவலரும் இல்லை, அடிகளாரும் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் போக ஓர் இடம் அவனுக்கும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தையே உருவாக்கிய நகரத்தார் சமூகத்தில், அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஏஜெண்டாகப் போனவர்கள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கில்தான் போவார்கள். கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். இளையவர் போவதும் மூத்தவர் திரும்புவதும்தான் கடல் கடப்பதில் நம் ஆட்களுக்கு இருந்த பழக்கம். இப்போது உங்கள் தலைமுறை இதைத் தலைகீழாகச் செய்கிறது. தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதற்கு வழிகாட்ட முன்னோர் யாரும் இல்லை, நீயேதான் யோசித்துச் செய்ய வேண்டும்.

சட்டத்தைப் பார்ப்போம். நீ வாங்கப்போவது சூப்பர் விசா. பத்து வருஷம் வரைக்கும் போய்வரலாம், ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். ஆனால் எத்தனை வருஷம் தங்கினாலும் அவர்கள் வந்துபோகிறவர்கள்தான், குடியேறியவர்கள் அல்ல. உன் மாகாணத்தின் இலவச மருத்துவம் அவர்களுக்குக் கிடையாது. குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு ஒரு வருஷ மருத்துவக் காப்பீடு எடுத்தால்தான் விசாவே. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த நிபந்தனையில் பணம் தருவார்கள் என்பதை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு நீ ஸ்பான்சர் செய்யலாம், ஆனால் அதற்கு அரசு அழைப்பு அனுப்பினால்தான் விண்ணப்பிக்கவே முடியும். கிடைத்தாலும் உன் மாகாணத்தில் 20 வருஷத்துக்கு அவர்கள் செலவை ஏற்கிறேன் என்று நீ எழுதிக்கொடுக்க வேண்டும். அந்நாட்டு முதியோர் பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்: சிதம்பரம் வீட்டை விற்க வைக்காதே. அந்த வீடு இருக்கிறவரைக்கும் அப்பா உன் வீட்டில் விருந்தாளியாக இருந்தாலும் சொந்த வீடு உள்ளவனாகப் பேசுவான்.

பேங்கில் இருந்தவன் என்பதால் காகித விஷயமும் சொல்லிவிடுகிறேன். போய்வருகிறவரைக்கும் இங்குள்ள சேமிப்புக் கணக்கு அப்படியே இருக்கலாம். அங்கேயே குடியிருப்பது என்று முடிவானால் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கேட்பார்கள். ஜீவன் பிரமாண் வழியாகவா, இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கியா என்பதைக் கிளம்பும் முன்பே பென்ஷன் அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள். அப்பாவின் இந்திய சிம் கார்டு உயிரோடு இருக்கட்டும், ரீசார்ஜ் பொறுப்பு உன்னுடையது. பேங்கும் ஆதாரும் அனுப்புகிற ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். அது நின்றுபோனால் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாமல் திண்டாடுவான். மாத்திரைகளுக்கு மருந்தின் மூலப்பெயரை எழுதிய சீட்டு ஒன்றை டாக்டரிடம் வாங்கி வைத்துக்கொள், கம்பெனிப் பெயர் அங்கே உதவாது.

இப்போது முக்கியமான பேச்சு. அம்மாவை எதற்காகக் கூப்பிடுகிறாய் என்பதை அவளிடம் நேராகச் சொல். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் என்றால் அப்படியே சொல். அதில் ஒரு குறையும் இல்லை, பேத்தியைத் தூக்க அவளுக்குக் கசக்குமா? ஆனால் எத்தனை மணி நேரம், எந்தெந்த நாள் ஓய்வு என்பதையும் சேர்த்துப் பேசு. "சும்மா வந்து இரும்மா" என்று கூப்பிட்டுவிட்டு, காலை ஏழு மணிக்குக் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு மாலை ஆறு மணிக்கு வருகிற வீடுகளை நான் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது கூலி இல்லாத வேலை. சொல்லிச் செய்தால் உதவி, சொல்லாமல் செய்ய வைத்தால் அவமானம்.

இருவருக்கும் தனித்தனிச் சாவி கொடு. மாதாமாதம் கணக்குக் கேட்காத ஒரு தொகையைக் கையில் கொடு. அப்பா வந்த முதல் வாரத்திலேயே அவனைப் பஸ்ஸில் ஏற்றி நூலகத்துக்கு அழைத்துப்போ. டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டாம் தடவை நீ பின்னால் உட்கார்ந்து வா, மூன்றாம் தடவை அவன் தனியாகப் போகட்டும். வழி தவறினால் தவறட்டும், போன் இருக்கிறது. அங்கே 1983க்குப் பிறகு வந்த ஈழத்துப் பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். திரும்பிப் போக வழியில்லாமல் வந்து, தங்களுக்கென்று முதியோர் சங்கங்களும் கோயில்களும் கட்டிக்கொண்டவர்கள். அவர்களிடம் அப்பாவை அறிமுகப்படுத்து. அவர்களோடு உட்கார்ந்து பேசினாலே, மனு எழுதத் தெரிந்த ஆள் ஒருத்தர் வந்திருக்கிறார் என்று நாலு பேர் தேடி வருவார்கள்.

அவர்களைப் பற்றிச் சொல்லும்போது நம் மாவட்டத்திலேயே குறிஞ்சிப்பாடியில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் நினைவுக்கு வருகிறது. நடுவயதில் வந்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள், இன்னும் குடியுரிமை இல்லை. எங்கே வாழ்வது என்று அவர்களை யாரும் கேட்கவே இல்லை. உன் அப்பா அம்மாவைக் கேட்க முடியும். அதனால் கேள், தனித்தனியாகக் கேள். அம்மாவை அப்பா இல்லாதபோது கேள்.

என் யோசனை இதுதான். இந்த ஆனித் திருமஞ்சனம் முடியட்டும். தேர் பார்க்காமல் உன் அம்மா எந்த வருஷமும் இருந்ததில்லை. ஜூலை கடைசியில் வரட்டும், பனி விழுவதற்குள் பஸ்ஸும் கடையும் கோயிலும் பழகிவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடுகிற அந்தக் காலத்தையும் ஒருமுறை முழுசாகப் பார்க்கட்டும். பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் இந்த வயதில் எழுந்து நடப்பது கஷ்டம், அதனால் பிடிப்புள்ள நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிடு. ஒரு வருஷக் காப்பீடு முடிவதற்குள், அடுத்த ஆனிக்கு, இருவரும் ஊர் திரும்பட்டும். சிதம்பரத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு அவர்களே சொல்லட்டும், திரும்ப வருகிறோமா, இங்கேயே இருக்கிறோமா என்று. எந்தப் பதில் வந்தாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்.

வீட்டுச் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய்த் திறந்து பெருக்கி, மோட்டார் போட்டுவிட்டு வருவேன். டிக்கெட் எடுக்கும்போது திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடு, மகளே.

அன்புடன்,
பெரியப்பா