புகையை விட்டவரும் கேரம் நண்பர்களும்

நுரையீரல் புறநோயாளிப் பிரிவில், புகைப்பிடிக்கும் ஒவ்வொருவரிடமும் நாளொன்றுக்கு எத்தனை, எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டுக் குறித்துக்கொள்வது வழக்கம். அண்மைக் காலமாக நான் மற்றொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன்: "யாரோடு சேர்ந்து புகைக்கிறீர்கள்?" இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நோயாளி. அவருடைய இசைவைப் பெற்று, அடையாளங்களை மாற்றி, அவர் கதையை இங்கே எழுதுகிறேன்.

வட சென்னையில் வசிப்பவர். வயது 58. பட்டறை ஒன்றில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 22 வயதில் தொடங்கிய சிகரெட், 36 ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 18. மின்சார ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கியபோது மனைவி அழைத்து வந்தார். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில், சி.ஓ.பி.டி. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உறுதியாயிற்று. இதற்கு முன் நான்கு முறை சிகரெட்டை விட்டிருக்கிறார். மிக நீண்ட முயற்சி ஐந்து வாரம் நீடித்தது.

ஒரு வாரத்திற்கு ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைத்த நேரத்தையும் இடத்தையும் சிறு குறிப்பேட்டில் எழுதி வரச் சொன்னேன். பதினெட்டில் ஏழு, மாலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் இருந்தன. அந்த மூன்று மணி நேரம் அவர் தெருமுனையிலுள்ள கேரம் மன்றத்தில் இருப்பார். ஒரு போர்டு முடிந்ததும் ஆட்டக்காரர்கள் எழுந்து எதிரிலுள்ள தேநீர்க்கடைக்குப் போவார்கள். ஒரு தேநீர், ஒரு சிகரெட், பிறகு அடுத்த போர்டு. சென்னையில் கேரம் எவ்வளவு ஆழமாக வேரூன்றிய ஆட்டம் என்பதை விளக்கவேண்டியதில்லை. உலகச் சாம்பியன் பட்டம் வென்ற மரிய இருதயமும் இளவழகியும் இந்நகரத்தவர்களே. நம் நோயாளி அந்த உயரத்தை எட்டியவர் அல்லர் என்றாலும், பேட்டைப் போட்டிகளில் பெயர் பெற்றவர்.

குறிப்பேட்டைப் பார்த்ததும் நான் சொன்ன அறிவுரை பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். தூண்டும் இடத்தை விட்டு விலகுங்கள், மூன்று மாதம் மன்றத்துப் பக்கம் போகாதீர்கள் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை.

நான்கு வாரம் கழித்து வந்தபோது நிலைமை முன்பைவிட மோசமாக இருந்தது. மன்றத்துக்குப் போகவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். மாலை முழுவதும் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருக்கிறார், யாருடனும் பேசுவதில்லை, உறக்கமில்லை, குளியலறையில் ஒளிந்து புகைக்கிறார் என்று மனைவி சொல்லி அழுதார். நாளுக்கு 18 என்பது 22 ஆகியிருந்தது. சிகரெட்டைப் பறிப்பதாக எண்ணி, அந்த மனிதருக்கு நாள்தோறும் மூன்று மணி நேரம் கிடைத்துவந்த மகிழ்ச்சியை நான் பறித்திருந்தேன். பிழை என்னுடையது. அதை அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

பிறகு திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். மன்றத்துக்குப் போகவேண்டும்; போய், விடப்போகும் தேதியை எல்லாரிடமும் சொல்லவேண்டும். அவர் தயங்கினார். நான்கு முறை விட்டுத் தோற்றவன் ஐந்தாம் முறை சொன்னால் சிரிப்பார்கள் என்றார். சிரித்துவிட்டுப் போகட்டும், அடுத்த முறை அவர்களில் ஒருவரை இங்கே அழைத்து வாருங்கள் என்றேன்.

வந்தவர் அவரைவிட மூத்தவர், பத்தாண்டுகளுக்கு முன் மாரடைப்பு கண்டு புகையை நிறுத்தியவர். அவரிடம் நான் விளக்கியதை இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் புகையை விட முயன்றால் இது உதவும்.

புகையை இழுத்த பத்துப் பதினைந்து நொடிகளில் நிகோட்டின் மூளையை அடைகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். குறையக் குறைய எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல். அடுத்த சிகரெட் அந்தத் தொல்லையைத் தீர்ப்பதால், "சிகரெட் பிடித்தால்தான் கவனம் நிற்கிறது" என்று தோன்றுகிறது. அந்தத் தொல்லையை உண்டாக்கியதே முந்தைய சிகரெட் என்பது தெரிவதில்லை. விட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் இந்த அவதி உச்சத்தை எட்டும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். வேட்கை அலையாக வரும். ஒவ்வோர் அலையும் சில நிமிடங்களே நிற்கும். கையும் கண்ணும் வேறொன்றில் ஈடுபட்டிருந்தால் அந்தச் சில நிமிடங்கள் கடந்துவிடும். ஸ்டிரைக்கரை விரலால் சுண்டுவதற்குக் குறிபார்த்து அமர்ந்திருக்கும் மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

எனவே ஆட்டத்தில் ஆபத்து இல்லை; போர்டுக்கும் போர்டுக்கும் இடையிலுள்ள ஐந்து நிமிடத்தில்தான் ஆபத்து. பெரியவர் இதை உடனே பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து மன்றத்தில் தேநீர் ஃபிளாஸ்க்கில் உள்ளே வந்தது. போர்டு முடிந்ததும் யாரும் கடைக்கு எழுந்து போவதில்லை என்று முடிவாயிற்று. ஒருவருக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஒருவனுக்காக ஊரே விரதமா என்று முணுமுணுத்தபடி அவர் தனியாக வெளியே போய்வந்துகொண்டிருந்தார். அதுவும் நடக்கத்தான் செய்யும்.

மருந்தும் சேர்ந்தே தொடங்கியது. மன உறுதி மட்டும் போதும் என்று நம்பி மருந்தை ஒதுக்குவோர் பலர். நிகோட்டின் ஒட்டுப்பட்டையும் நிகோட்டின் மெல்லுபசையும், புகையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல் நிகோட்டினை மட்டும் குறைந்த அளவில் தந்து அவதியைத் தணிப்பவை. மெல்லுபசையை மிட்டாய்போல் மென்று விழுங்கக் கூடாது. நாவில் காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்கவேண்டும். காரம் அடங்கியதும் மீண்டும் சில முறை மெல்லவேண்டும். அதற்கு முன் கால் மணி நேரம் காபி, பழச்சாறு, குளிர்பானம் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் மருந்து உள்ளே ஏறாது. "பசை மென்று பார்த்தேன், பலனில்லை" என்று சொல்வோரில் பாதிப்பேருக்கு மெல்லும் முறைதான் தவறு என்பது என் அனுபவம். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2 மில்லிகிராம் என்பது பொது வழக்கு. வேரெனிக்லின், பியூப்ரோப்பியான் என்ற மாத்திரைகளும் உண்டு. அவற்றை மருத்துவர் பார்த்தே தரவேண்டும். வலிப்பு நோய் உள்ளவர் பியூப்ரோப்பியானைத் தொடக்கூடாது.

மருந்து விஷயத்தில் அவர் என்னிடம் மறைத்த செய்தி ஒன்றைப் பெரியவர்தான் போட்டு உடைத்தார். நான் எழுதிக்கொடுத்த சால்பியூட்டமால் இன்ஹேலரை அவர் பயன்படுத்தவே இல்லை. அதை இழுத்தால் விரல் நடுங்குகிறது, காய் குழியில் விழுவதில்லை! அந்த மருந்துக்கு விரல் நடுக்கம் தெரிந்த பக்கவிளைவுதான். நாள்தோறும் எடுப்பதற்கு, பொதுவாக நடுக்கம் தராத வேறு வகை இன்ஹேலரை மாற்றிக் கொடுத்தேன். சால்பியூட்டமாலை மூச்சு முட்டும்போது மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு மனிதர் எதை விரும்பிச் செய்கிறார் என்று தெரியாமல் மருந்து எழுதினால் அது அலமாரியில்தான் இருக்கும்.

மற்றொரு செய்தியைத் துணையிருப்போர் அவசியம் அறியவேண்டும். சிகரெட் புகையிலுள்ள சில பொருள்கள், கல்லீரல் சில மருந்துகளை வேகமாக வெளியேற்றும்படி தூண்டுகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறையும். அதே அளவு மருந்து உடலில் கூடுதலாகத் தேங்கும். தியோஃபிலின் கலந்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்குக் குமட்டலும் படபடப்பும் வருவது இதனால்தான். சில மனநல மருந்துகளுக்கும் இது பொருந்தும். காபியிலுள்ள காஃபீனும் அப்படியே. விட்ட வாரத்தில் வழக்கமான மூன்று டம்ளர் காபி ஐந்தைப்போல் வேலை செய்யும். உறக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் புகையை விட்டதையே குறை சொல்வதற்குமுன் காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். புகையை விடும் நாளை உங்கள் எல்லா மருத்துவர்களிடமும் சொல்லுங்கள்.

முதல் பத்து நாள்கள் அவர் தொடர்ந்து தோற்றார். எளிதான காய்களைக்கூடத் தவறவிட்டார். கூட்டாளிகள் கிண்டல் செய்யவில்லை. பத்தொன்பதாம் நாள், உறவினர் ஒருவரின் துக்க வீட்டில், யாரோ நீட்டிய சிகரெட்டை வாங்கிவிட்டார், அன்று மூன்று. மறுநாள் மன்றத்துக்குப் போகவே கூசினார். போனபோது பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "போன போர்டு போயிற்று. காய்களை அடுக்கு."

நான் அரை மணி நேரம் பேசினாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கமாட்டேன். ஒருமுறை வழுக்குவது வேறு, பழைய நிலைக்கே திரும்புவது வேறு. இரண்டுக்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் அவமானம். "அன்றைக்கே சொன்னேன், உன்னால் முடியாது என்று" என்னும் ஒரு சொல் போதும், மூன்று சிகரெட் மூன்று பெட்டி ஆகிவிடும். சட்டையை முகர்ந்து பார்ப்பது, பையைத் துழாவுவது, பிள்ளைகள்மேல் ஆணையிடச் சொல்வது ஆகியவற்றை வீட்டிலுள்ளோர் விட்டுவிடவேண்டும். அன்பினால் செய்வதுதான், ஆனால் ஒளிந்து புகைக்கக் கற்றுக்கொடுப்பதும் அதுவே. அவருடைய மனைவியிடமும் இதைச் சொன்னேன். பொய் சொல்லாமல் இருக்க ஓரிடம் அவருக்கு வேண்டும். அந்த இடம் மன்றமாக இருந்தது, பிறகு மெல்ல வீடும் ஆயிற்று.

நட்பு வட்டத்துக்கும் புகைக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்ட ஒன்று. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட 12,067 பேரின் உறவுகளையும் நட்புகளையும் வரைபடமாக்கிய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகவே புகையை விட்டிருந்தனர். நண்பர் ஒருவர் விட்டால் ஒருவர் தொடர்ந்து புகைக்கும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைந்தது. கணவனோ மனைவியோ விட்டால் 67 விழுக்காடு. ஒத்த மனமுடையவர்கள்தாமே நண்பர்களாகிறார்கள், இதில் எது காரணம் எது விளைவு என்று கேட்போர் உண்டு, நியாயமான கேள்வியே. ஆயினும் மன்றத்தில் இரண்டாம் மாதம் மற்றொருவர் விட்டார், ஐந்தாம் மாதம் இன்னொருவர்.

இப்போது பதினோரு மாதமாகிறது. நுரையீரலைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். முதல் நொடியில் அவர் ஊதித் தள்ளும் காற்றின் அளவு அன்று 1.7 லிட்டர், இன்றும் ஏறத்தாழ அதே. இழந்தது திரும்பவில்லை, திரும்பாது. மேலும் இழப்பது குறைந்திருக்கிறது. இந்நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களைப் பதினோராண்டுகள் கவனித்த பெரிய ஆய்வொன்றில், புகையை விட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டரும், தொடர்ந்தவர்கள் ஏறத்தாழ 66 மில்லிலிட்டரும் இழந்தனர். பத்தாண்டுக் கணக்கில் இந்த வேறுபாடு, படியேறுபவருக்கும் ஆக்சிஜன் உருளையோடு கட்டிலில் இருப்பவருக்கும் உள்ள வேறுபாடாக வளரக்கூடும். பிரித்தானிய மருத்துவர்களை 1951 முதல் ஐம்பதாண்டு தொடர்ந்த ஆய்வு, 60 வயதில் விட்டவர்கூட ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயுளை மீட்கிறார் என்று காட்டியது. 50-இல் விட்டால் ஆறு, 40-இல் விட்டால் ஒன்பது. "இத்தனை ஆண்டு பிடித்தாயிற்று, இனி என்ன" என்பவர்களுக்கு இந்த எண்களைத்தான் காட்டுகிறேன். "ஒன்றிரண்டாகக் குறைத்துவிட்டேன்" என்பவர்களுக்கு வேறோர் எண்: நாளுக்கு ஒரே ஒரு சிகரெட், இருபது சிகரெட்டால் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதியைத் தக்கவைத்துக்கொள்கிறது.

அவருக்கு நான்கு கிலோ எடை கூடியிருக்கிறது. இது பலருக்கும் நேர்வதே. இரண்டாம் வாரத்தில் இருமலும் சளியும் அதிகமாகி அவர் அஞ்சினார். மூச்சுக்குழாயின் நுண்ணிழைகள் மீண்டும் இயங்கும்போது சிலருக்கு இப்படி ஆகும். சில வாரத்தில் அடங்கியது. சளியில் இரத்தம் தெரிந்தால் மட்டும் காத்திராமல் உடனே வரவேண்டும். இப்போது மேம்பாலப் படிகளை நிற்காமல், மெதுவாக, ஏறுகிறார்.

நேரில் வர இயலாதவர்கள் மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800-11-2356 வழியாகப் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை பெறலாம். நேரில் வருபவர்கள், பஜனைக் குழுவோ இறகுப்பந்துக் குழுவோ காலை நடைக் கூட்டமோ, தாம் நாள்தோறும் சந்திக்கும் வட்டத்திலிருந்து ஒருவரை உடன் அழைத்து வரலாம்.

சென்ற மாதம் ஊதும் பரிசோதனைக்கு நம் நோயாளியோடு மன்றத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தனர். ஒருவருக்குத்தான் அனுமதி என்று செவிலியர் வாசலில் நிறுத்திவிட்டார். அவர்கள் தங்களுக்குள் பேசி உள்ளே அனுப்பியவர், இன்றும் கடைக்குத் தனியாகப் போய்வரும் அந்த முணுமுணுப்புக்காரரை. சோதனை முடிந்ததும் அவர் கருவியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நானும் ஒருமுறை ஊதிப் பார்க்கலாமா என்று கேட்டார்.