ஹெரால்டைக் கப்பலேற்றும் முன்னால்

கோயமுத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. உன் கடிதமும் அந்த வெளிர்நீல ட்ரையம்ஃப் ஹெரால்டின் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. அதற்கு முன்னாலேயே உங்கம்மா போன் போட்டு, "உங்க மாப்பிள்ளைக்கு நீங்களாவது நல்ல புத்தி சொல்லுங்கண்ணா" என்றாள். அவள் கேட்ட மாதிரி புத்தி சொல்ல என்னால் ஆகாது. கூரை திறக்கும் ஹெரால்டு, அதுவும் கவென்ட்ரி கேன்லி தொழிற்சாலையில் பிறந்தது, நீ குடியிருக்கும் ஊரிலேயே விலைக்கு நிற்கிறது. எனக்கே கை பரபரக்கிறது. உன் அப்பச்சி வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் நானும் உங்கம்மாவும் பொள்ளாச்சிச் சந்தையும் பழனி மலையும் பார்த்தோம். உனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நீ கேட்டது வேறு. "கப்பலில் ஏற்றிவிட்டால் மீதியை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா மாமா?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த மீதி எவ்வளவு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சட்டம் இப்போது உன் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சாதாரணப் பழைய கார் என்றால் செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும். வின்டேஜ் கார் என்று விதிவிலக்கு கேட்டால், 1950 ஜனவரி 1-க்கு முன்னால் செய்ததாக இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 1959-ல் சந்தைக்கு வந்த ஹெரால்டு இரண்டிலும் சேராது. 2025 பிப்ரவரியில்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் பழைய வண்டிகளைக் கொண்டுவரலாம் என்று மாற்றினார்கள். கடைசி ஹெரால்டு 1971-ல் செய்தது. ஆகவே வயது தேறிவிட்டது.

வயதை நிரூபிப்பது தனி வேலை. உன் கையில் இருக்கப்போகும் டி.வி.எல்.ஏ. லாக்புக்கில் முதல் பதிவுத் தேதி முன்னால் நிற்கும். இங்கே கேட்பது செய்த தேதி. உனக்குப் பக்கத்திலேயே கெய்டனில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. அங்குள்ள ஹெரிடேஜ் டிரஸ்ட், தொழிற்சாலைப் பேரேட்டைப் பார்த்து, வண்டி எந்தத் தேதியில் செய்தது, என்ன நிறம், என்ஜின் எண் என்ன என்று சான்றிதழ் தரும். வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்னாலேயே அதை வாங்கிவிடு. வாங்கி, பானெட்டை முன்பக்கமாகத் தூக்கி, என்ஜினில் பொறித்த எண்ணோடு ஒத்துப்பார். ஹெரால்டு 1200 என்றால் எண் ஜி.ஏ. என்று தொடங்கும். 13/60 என்றால் ஜி.இ. அங்கே எஃப்.டி. என்று இருந்தால், யாரோ ஒரு புண்ணியவான் ஸ்பிட்ஃபயர் என்ஜினைத் தூக்கி வைத்திருக்கிறான். இங்கிலாந்தில் அது சர்வசாதாரணம், வண்டியும் நன்றாகப் பறக்கும். ஆனால் நம் வின்டேஜ் விதி, சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாத அசல் வண்டியைத்தான் ஏற்கிறது. உனக்கு அங்கே விற்கிறவர் பெருமையாகச் சொல்லும் சங்கதி இங்கே உன் விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடும்.

என்ஜினில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது, பணத்தில். பழைய காருக்கு அடிப்படைச் சுங்க வரியும் செஸ்ஸும் சேர்ந்து 137.5 சதவீதம். வாங்கிய விலை மேல் மட்டும் போடுகிறார்கள் என்று நினைக்காதே. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்த தொகை மேல் வரும். அந்த வரியையும் கூட்டிய பிறகு, மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல், 1200 சி.சி.க்குள், நாலு மீட்டர் நீளத்துக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. ஹெரால்டு 1200-ன் என்ஜின் 1147 சி.சி., 13/60-ன் என்ஜின் 1296 சி.சி. நீளம் இரண்டுக்கும் நாலு மீட்டருக்குள்தான். கணக்குக்கு, வண்டி 5,000 பவுண்டு, கூலியும் இன்சூரன்ஸும் 2,000 என்று வைத்துக்கொள். 1200 என்றால் கரையேறும்போது ஏறக்குறைய 19,600 பவுண்டு. 13/60 என்றால் 23,275. வெறும் 149 சி.சி. உன்னிடம் மூவாயிரத்து அறுநூறு பவுண்டுக்கு மேல் பிடுங்கும். நீ அனுப்பிய போட்டோவில் இருப்பது எது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை, கேட்டு எழுது. வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால், கப்பலேறும் வாரத்து விகிதத்தைக் கிளியரிங் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தை வேண்டாம்.

விலையைக் குறைத்துக் காட்டி ரசீது எழுதித் தருகிறேன் என்று விற்கிறவர் சொல்லக்கூடும். அந்தப் பேச்சையே எடுக்க விடாதே. சுங்க அதிகாரி உன் ரசீதை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சந்தேகம் வந்தால் மதிப்பீட்டுக்கு அனுப்புவார், அந்த நாட்களுக்கெல்லாம் வாடகை உன் தலையில். வங்கி வழியாகப் பணம் அனுப்பிய தாள், விளம்பரத்தின் நகல், விற்றவரின் கையெழுத்து எல்லாம் ஒரே தொகையைச் சொல்ல வேண்டும்.

துறைமுகம் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் என்னைக் கேட்கிறாய். தெரியும். நம் ஊர் மில்களும் திருப்பூர்க்காரர்களும் ஐரோப்பாவில் கழித்த மிஷின்களைக் கொண்டுவந்து ஓட்டிப் பிழைத்தவர்கள். அந்த வரிசையில் நானும் கன்டெய்னர்களுக்காகக் கால்கடுக்க நின்றிருக்கிறேன். ஒரு தடவை, பில் ஆஃப் லேடிங்கில் கம்பெனி பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. திருத்தம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அங்கே கிறிஸ்துமஸ் லீவு, அவர்கள் திறந்தபோது இங்கே பொங்கல் லீவு. இலவசமாக விட்டுவைக்கும் சில நாள் முடிந்ததும், இடத்துக்கு டெமரேஜ் ஒரு பக்கம், கன்டெய்னருக்கு டிடென்ஷன் இன்னொரு பக்கம் ஏறும். இரண்டும் வேறு வேறு ஆட்கள் வாங்குவது. ஒருவரிடம் கெஞ்சித் தள்ளுபடி வாங்கினால் இன்னொருவர் அசையமாட்டார். மிஷினாவது நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். ஹெரால்டின் சேசிஸில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் அவுட்ரிகர்கள் இங்கிலாந்து உப்பு ரோட்டிலேயே பாதி தின்னப்பட்டிருக்கும். மூடிய பெட்டிக்குள் கடற்காற்றில் வாரக்கணக்கில் நின்றால் மீதியும் போய்விடும்.

உன் பாஸ்போர்ட், லாக்புக், ரசீது, பில் ஆஃப் லேடிங் எல்லாவற்றிலும் உன் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும். நம் ஆட்களுக்கு இதில்தான் முதல் அடி விழும். அப்பா பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிடும், இங்கே முன்னெழுத்தாகிவிடும். சேசிஸ் எண்ணில் ஓ எழுத்தா பூஜ்யமா என்பதையும் பார். கொச்சி பக்கம்தானே, அங்கேயே இறக்கிவிடலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். எந்தத் துறைமுகத்தில் இறக்க அனுமதி என்பது ஆணையில் இருக்கும், தூரத்தை வைத்து நாம் முடிவு செய்வதில்லை.

இனி, உன் சிநேகிதன் சொன்ன குறுக்குவழி. கார்னெட்டில் கொண்டுவந்து அப்படியே நிறுத்திவிடலாம் என்கிறான். கார்னெட் என்பது வந்துபோவதற்கு. குறித்த காலத்தில் வண்டி நாட்டை விட்டு வெளியே போயாக வேண்டும். போகாத வண்டி கடத்தல் வண்டிதான். இன்னொருவன் பூட்டான் பக்கமாக வந்து, வடகிழக்கில் பதிவாகி, இங்கே மலிவாகக் கிடைக்கும் என்கிறானாம். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய ஆபரேஷன் நும்கோர் பற்றி உனக்கு அங்கே தெரிந்திருக்காது. சினிமா நடிகர்கள் வீடு வரை சோதனை போய், வண்டி வண்டியாக இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் அமலாக்கத்துறையும் இறங்கியது. ராணுவம், அமெரிக்கத் தூதரகம், வெளியுறவு அமைச்சகம் ஆகியவற்றின் பேரில் போலித் தாள் தயாரித்து, அருணாசலம், இமாசலம் போன்ற மாநிலங்களில் பதிவு செய்தார்கள் என்றும், பின்னால் இருந்தது கோயமுத்தூர்க் கும்பல் என்றும் முதல்கட்ட விசாரணையில் சொன்னார்கள். வழக்கு எப்படி முடியுமோ. ஆனால் நம் ஊர்ப் பேர் அதில் அடிபட்ட பிறகு, இங்கே வெளிநாட்டு வண்டியோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறுகிறவனை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்க்கத்தான் செய்வார்கள்.

நேர்வழியில் வந்தாலும் தாள் பின்னாலேயே வரும். நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்டின் நுழைவு வரி வழக்கு, 2021, 2022 வரை சென்னை உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. அது புத்தம்புது வண்டி, வக்கீலுக்குக் கொடுக்கக் காசும் இருந்தது.

இதெல்லாம் சமாளிக்கலாம் மாப்பிள்ளை. பணமும் பொறுமையும் இருந்தால் ஆகிவிடும். எனக்கு உறுத்துவது உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான். ஊருக்கு வரும்போதெல்லாம் அவினாசி ரோட்டு மேம்பாலத்தில் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டிப்போய், சனிக்கிழமை தோட்டத்துச் சாளைக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறாய். 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் பதிவு விதியைப் படித்துப் பார். இருபதாயிரம் ரூபாய் கட்டி, பில் ஆஃப் என்ட்ரியும் இன்சூரன்ஸும் வைத்து விண்ணப்பித்தால், அறுபது நாளுக்குள் வி.ஏ. எழுத்தோடு ஒரு நம்பர் தருவார்கள், பத்து வருஷத்துக்கு. அந்த நம்பரில் கண்காட்சிக்குப் போகலாம், வின்டேஜ் ராலிக்குப் போகலாம், ஆராய்ச்சிக்கு எடுக்கலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் எடுத்துப்போகலாம். தினப்படி ஓட்டக் கூடாது. சாளைக்குப் போவது எந்தக் கணக்கில் சேரும்? இருபதாயிரம் பவுண்டு செலவழித்து, ஷெட்டில் துணி போட்டு மூடி வைக்க ஒரு கார் உனக்கு வேண்டுமா என்பதுதான் நான் கேட்கிற கேள்வி. மூடி வைப்பதே சந்தோஷம் என்கிறவர்கள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. நீ அந்த ஜாதி இல்லை. சின்ன வயதிலேயே சைக்கிளை ஓட்டி ஓட்டியே உடைத்தவன் நீ.

என் யோசனை இதுதான். ஹெரால்டுக்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் பத்து வருஷம் போல அதே மிக்கெலோட்டி வரைந்த உடம்போடு ஹெரால்டு செய்தது. உன் அப்பச்சி வைத்திருந்த நாலு கதவு மாடல் இங்கிலாந்தில் கிடையவே கிடையாது, நம் நாட்டில் மட்டும் வந்தது. அதன் உடம்பைச் சேசிஸிலிருந்து போல்ட் கழற்றித் தனியாக எடுத்துவிடலாம் என்பதால், பிரித்துச் செய்ய இதைவிட நல்ல கார் இல்லை. ஜி.டி. நாயுடு முன்னூறு ரூபாய்க்கு வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுப் பூட்டித்தான் தொழில் கற்றார் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வோம். கணபதியிலும் பீளமேட்டிலும் இன்றைக்கும் ஒரு புஷ்ஷைக் காட்டினால் மறுநாள் கடைந்து தருகிற லேத்காரர்கள் இருக்கிறார்கள். பவுண்டரியில் பேட்டர்ன் செய்து வார்ப்பும் வாங்கிவிடலாம்.

அவர்களால் ஆகாதது ரப்பர், கண்ணாடி, மின்சாரச் சாமான்கள். அதற்குத்தான் நீ இருக்கிறாய். லிங்கனில் ரிம்மர் பிரதர்ஸ் மாதிரி ட்ரையம்ஃப் உதிரிபாகக் கடைகள் உன் பக்கத்தில். முழுக் காருக்குப் படும் பாட்டில் பத்தில் ஒரு பங்குகூடப் பார்சலுக்கு இல்லை. அதற்கும் வரி உண்டு, மறைக்காமல் கட்டு.

இங்கே வாங்குவது மட்டும் நோகாத சோலி என்று சொல்லமாட்டேன். ஆர்.சி. செத்துப்போன பெரியவர் பேரில் இருக்கும், வாரிசுகளில் ஒருவர் துபாயில், ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாமல். புதுப்பிக்காமல் விட்ட வருஷங்களுக்கு அபராதம் நிற்கும். இருபது வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-ல் பத்தாயிரமாக்கிவிட்டார்கள். ஆனால் சாதாரண ஆர்.சி. உயிரோடு இருக்கும் ஹெரால்டு கிடைத்தால், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை காட்டிப் புதுப்பித்துக்கொண்டு நீ சாளைக்கும் போகலாம், மேம்பாலத்திலும் ஏறலாம். யாரும் ராலி எங்கே என்று கேட்கமாட்டார்கள்.

இரண்டு வண்டி என் காதுக்கு வந்திருக்கிறது. ஒன்று கோபி பக்கம், ஒன்று உடுமலைப்பேட்டையில் ஒரு மில் ஷெட்டில். வருகிற ஞாயிறு போய்ப் பார்த்து, சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அதுவரை அந்த வெளிர்நீலக்காரரிடம் முன்பணம் கொடுக்காதே. கொடுத்தே தீர்வேன் என்றால், கெய்டன் சான்றிதழ் வந்த பிறகு கொடு.

மார்கழி லீவுக்கு வரும்போது முன் கண்ணாடி ரப்பர் ஒன்று, கதவு ரப்பர் நாலு கதவுக்கும் ஆகிற நீளம் கொண்டுவா. எந்த வண்டி வாங்கினாலும் அது வேண்டும்.

அத்தை உன்னை ரொம்ப விசாரித்தாள்.

அன்புடன்
மாமா